உளுந்து தெரிந்தவர் அரைக்கும் மாவு

யாங்கோன் நகரத்தின் அனவ்ரதா சாலையில், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் பிரேசர் தெரு என்றே சொல்லும் அந்தச் சாலையில், ஸ்ரீ காளி கோயிலைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் வரும் ஒரு சந்துக்குள், காலை ஐந்தரை மணிக்கே ஆவி பறக்கும் ஓர் இட்லிக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தமிழர்கள் அதை உளுந்துக்காரர் கடை என்பார்கள். பர்மியர்கள் கடைக்காரரையே 'மப்பே ஊலே' என்று கூப்பிடுவார்கள். மப்பே என்றால் உளுந்து, ஊலே என்றால் மாமா. அவர் இந்தக் கடையை 2018-ஆம் ஆண்டு, தம்முடைய 59-ஆம் வயதில் தொடங்கினார். நான்கு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாளாவது நான் அங்கே சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வேண்டிய மாவையும் அங்கேதான் வாங்குகிறேன். இந்த நகரத்தில் இட்லி சாப்பிட வேண்டுமென்றால் இந்தக் கடைக்குத்தான் போக வேண்டும் என்பது என் முடிவு. சாம்பாரைப் பற்றி எனக்குக் குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் இட்லி. இங்கே குழித்தட்டில் எண்ணெய் தடவுவதில்லை, ஈரத்துணி விரித்து ஊற்றுகிறார்கள். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து உரிக்கும்போது, துணியின் நெசவு அப்படியே இட்லியின் முதுகில் பதிந்திருக்கும். விண்டு பார்த்தால் உள்ளே சிறுசிறு கண்கள் ஒரே அளவில் இருக்கும். பல்லில் ஒட்டாது, தொண்டையில் அடைக்காது. ஒருமுறை காலையில் கட்டி வாங்கிப்போன நான்கு இட்லிகளை வேலை மிகுதியால் மதியம் ஒன்றரை மணிக்குத்தான் பிரித்தேன். அப்போதும் விறைத்துப்போகாமல், விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்ப எழுந்தது. சோடா உப்புப் போட்டுப் பொங்கவைத்த இட்லி ஆறியதும் ஒரு வாடை அடிக்குமே, அந்த வாடை இதில் இல்லை. நிறம் மட்டும் தும்பைப்பூ வெள்ளையாக இருக்காது. கறுப்பு உளுந்தை உடைத்து, ஊறவைத்து, கையாலேயே தோலைக் களைந்து அரைப்பதால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோல் துணுக்கு தெரியும். புதிதாகப் போகிறவர்கள் அதைத் தூசி என்று எண்ணிவிட வேண்டாம். இட்லிக்கு வாசனை தருவதே அந்தத் தோல்தான்.

இந்த இட்லியின் தரத்துக்குக் காரணம் சமையல் கைப்பக்குவம் என்று நான் முதலில் நினைத்தேன். மாமா சமையற்காரரே அல்லர் என்பதும், கடை தொடங்கும்வரை அடுப்படிப் பக்கமே அதிகம் போகாதவர் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அவர் 27 ஆண்டுகள் பயிந்நவுங் மொத்தச் சந்தையில் ஒரு பயறு வியாபாரியின் கிட்டங்கியில் சரக்குப் பார்ப்பவராக இருந்தவர். பகோ பக்கத்திலிருந்தும் ஐராவதி டெல்டாவிலிருந்தும் வரும் உளுந்து மூட்டைகளில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஊதி, ஒரு பருப்பைப் பல்லால் உடைத்து, இது எந்தத் தரம், எத்தனை மாதச் சரக்கு, மழையில் நனைந்து காய்ந்ததா இல்லையா என்று சொல்வதே அவருடைய வேலை. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் பர்மா உளுந்தில் எஃப்.ஏ.க்யூ. என்று ஒரு தரமும் எஸ்.க்யூ. என்று ஒரு தரமும் உண்டு. முன்னது சராசரிச் சரக்கு, பின்னது மணி பருத்துச் சீராக இருப்பது. இரண்டுக்கும் விலை வேறு. ஒரு மூட்டை எந்தப் பக்கம் சேரும் என்பதை இவர் கை சொன்னால், வாங்குகிறவரும் விற்கிறவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்று அந்தச் சந்தையில் இன்றும் இருக்கும் ஒரு தரகர் என்னிடம் சொன்னார். இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. ஆக, தமிழ்நாட்டு இட்லிப் பானைகளுக்குப் போகும் உளுந்தைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தரம் பிரித்து அனுப்பிய கை, இப்போது நமக்காக மாவு கரைக்கிறது.

இவ்வளவு தெரிந்த ஒருவர் ஏன் 59 வயதுவரை சொந்தமாக எதையும் தொடங்கவில்லை என்ற கேள்வி, இந்த ஊர்த் தமிழர் அல்லாதவர்களுக்கு எழலாம். நமக்கு எழாது. அவருடைய தகப்பனார் முகல் தெருவில் சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். 1964 மார்ச்சில் நே வின்னின் இராணுவ அரசு கடைகளைத் தேசியமயமாக்கியபோது அந்தக் கடையும் போனது. மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது பெட்டியில் இருந்த பணமும் போனது. அந்தக் காலத்தில் இந்நாட்டை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் சுமார் 3 இலட்சம் பேர். இவர்கள் போகவில்லை, பாட்டி மறுத்துவிட்டாராம். தகப்பனார் தம்முடைய பழைய கடையிலேயே, அது அரசு நடத்தும் 'மக்கள் கடை'யாக மாறிய பிறகு, மூட்டை தூக்கும் ஆளாக வேலை பார்த்தார். மாமாவுக்கு அப்போது ஐந்து வயது. 1982-இல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் கெடுபிடிகளைத் தாண்டி மாமாவின் கைக்கு ஒழுங்கான அடையாள அட்டை வந்தபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். இடையில் 1987-இல் 25, 35, 75 சாட் நோட்டுகளும் ஒரே நாளில் செல்லாமற் போயின. கடை என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் பெண்கள் கைகூப்பி வேண்டாம் என்பார்களாம். 1988-க்குப் பிறகு பயறு வியாபாரம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது, அவர் சம்பளத்துக்குப் போனாரே தவிரச் சொந்தமாக இறங்கவில்லை. இதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அவரைக் கடை தொடங்கவைத்தது புதுதில்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரைக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 இலட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. அங்கே விளைச்சல் பெருகி விலை சரிந்திருந்ததால் தங்கள் விவசாயிகளைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை அது. ஆனால் இந்தியாவை நம்பியே விதைத்த பர்மா விவசாயிக்கும், வாங்கி அடுக்கிய வியாபாரிக்கும் அது இடியாக விழுந்தது. மாமா வேலை பார்த்த கிட்டங்கி அவ்வாண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. முதலாளி நல்லவர், கொடுப்பதற்குப் பணம் இல்லாததால், சம்பளப் பாக்கிக்கும் இத்தனை ஆண்டு உழைப்புக்கும் சேர்த்து 14 மூட்டை உளுந்தை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கப்பலேற முடியாமல் நின்றுபோன எஸ்.க்யூ. சரக்கு, மாமா தம் கையால் தரம் பிரித்தது.

விற்றால் அடிமாட்டு விலை. வைத்திருந்தால் வண்டு விழும். அரைப்பது என்று தீர்மானித்தார்கள். இந்தக் கணக்கை அவர் எனக்கு விளக்கியபோது, தொழில் தொடங்கும் எவரும் கேட்க வேண்டிய பேச்சு என்று எனக்குத் தோன்றியது. "தம்பி, பதினாலு மூட்டை தீர்றதுக்குள்ளே கடை தன் காலில் நிக்கணும். நிக்கலேன்னா பானையைக் கவுத்துட்டு வீட்டிலே உக்காந்துடறதுன்னு உங்க அத்தைகிட்டே சத்தியம் பண்ணிக் குடுத்தேன்" என்றார். மகன் மலேசியாவிலிருந்து பணம் அனுப்புகிறேன், ஓய்வெடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கிரைண்டருக்காகக் கடன் கேட்டுப் போன ஒரு நிதி நிறுவனத்தில், வயதைக் கேட்டதும் படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அத்தை போட்டுவந்த சீட்டை எடுத்துத்தான், கோயம்புத்தூரில் செய்து சென்னையிலிருந்து கப்பலில் வந்த பத்து லிட்டர் கிரைண்டரை வாங்கினார்கள். பதினான்காவது மூட்டை தீர்வதற்கு இரண்டு மாதம் முன்பே, பதினைந்தாவது மூட்டையைக் காசு கொடுத்து வாங்கினாராம்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்ததாக எண்ண வேண்டாம். உளுந்து தெரிந்தவருக்கு அரிசி தெரியவில்லை. நம் வீடுகளில் சோற்றுக்கு விரும்பும் பவ்சான் அரிசியை, விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் போட்டிருக்கிறார், இட்லி களியாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாமல், மறுநாள் வராமல் இருந்துவிட்டார்கள். எமத்தா இரகத்துப் புழுங்கலரிசிதான் சரி என்று கண்டுபிடித்தது அத்தை. இப்போது உளுந்து ஒன்றுக்கு அரிசி நான்கு. புது உளுந்து வரும் மாசி, பங்குனியில் நான்கேகால்வரை ஏற்றுகிறார்கள், ஏனென்றால் புது உளுந்தில் மாவு நன்றாகக் காணும். ஐப்பசி, கார்த்திகையில் பழைய உளுந்து அவ்வளவு காணாது என்பதால் அரிசியைக் குறைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் போட்டுவிட்டு, மாவு ஏன் இன்று எழும்பவில்லை என்று தவிக்கும் வீடுகள் நம்மில் எத்தனை! என் வீடும் அப்படித்தான் இருந்தது. மாவில் ஒரு பொட்டுக் கிள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, அது மிதந்தால்தான் உளுந்தை வழிக்கலாம் என்ற சோதனையையும் நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இந்த நகரத்தில் மின்சாரம் முறை வைத்து வருவதை எல்லோரும் அறிவோம். அவருடைய தொழிலுக்கு அதுதான் பெரிய இடைஞ்சல், ஏனென்றால் ஊறிய உளுந்து காத்திருக்காது. மின்சாரம் இரவு ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கு எழுந்து அரைக்கிறார்கள். மாலையில் வந்தால் மாலையில் அரைத்து, புளிப்பு ஏறாமலிருக்க மாவுப் பானையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவைக்கிறார்கள். ஏப்ரல் வெயிலில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவு, டிசம்பரில் விடியும்வரை எடுத்துக்கொள்ளும். இதற்கு ஏற்ப உப்பைச் சில நாள் முன்னாலும் சில நாள் பின்னாலும் போடுகிறார்கள். இத்தனை தொல்லைக்கு நடுவிலும், நான்கு ஆண்டுகளில் இரண்டே இரண்டு நாள்தான் எனக்கு அங்கே புளித்த இட்லி கிடைத்தது. இரண்டாம் முறை நான் சொல்வதற்கு முன் அவரே காசை வாங்க மறுத்து, அன்றைய மாவு முழுவதையும் தோசைக்குத் திருப்பிவிட்டார்.

தோசையும் உண்டு. சாதா தோசை மெல்லிசாக, ஓரம் முறுகி வருகிறது. கெடுதல் இல்லை, ஆனால் இதைவிட நல்ல தோசை இந்த நகரத்தில் வேறு இடத்தில் கிடைக்கும். பர்மியர்கள் விரும்பிச் சாப்பிடும் தித்திப்புத் தோசையை, பனைவெல்லமும் தேங்காய்த்துருவலும் வைத்து மடித்துத் தருகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதற்காகவே நிற்கிறார்கள். இட்லி ஒன்று 600 சாட், சாதா தோசை 2000 சாட். மாவு வீசைக் கணக்கில் விற்கிறார்கள், அரை வீசை 3000 சாட். தமிழ்நாட்டில் கிலோ வந்தபின் மறந்தேபோன வீசை, இங்கே பர்மியச் சந்தைகளில் இன்றும் புழங்குகிறது. இங்கத்து வீசை 1.63 கிலோ. கைப்பேசி வழியாகவும் பணம் செலுத்தலாம், ஆனால் மின்சாரம் இல்லாத நேரத்தில் இணைப்பு நின்றுவிடுகிறது. சில்லறை நோட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி குறைகள். சாம்பார் எனக்கு நிறைவு தரவில்லை. தக்காளியை அள்ளிப் போட்டுப் புளியைக் குறைப்பதால், துவரம்பருப்பின் ருசி மேலே வராமல் ஒரு தித்திப்பு நிற்கிறது. அத்தையிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பர்மியர்கள், அவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது என்றார். அது நியாயமான பதில், ஆனாலும் என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் தேங்காய்ச் சட்டினியோடும் மிளகாய்ப்பொடியோடும் நிறுத்திக்கொள்கிறேன். அந்தச் சட்டினி எட்டு மணிக்குமேல் இருக்காது என்பது அடுத்த குறை. உட்கார ஆறு முக்காலிகள் மட்டுமே. மழைக்காலத்தில் தார்ப்பாயின் ஓரத்தில் வழியும் தண்ணீர் முதுகில் விழும். மாவைக் கட்டித்தரும் பிளாஸ்டிக் பை மிகவும் மெல்லியது. மாவு உயிருள்ள பொருள், பைக்குள்ளும் பொங்கும். ஒருநாள் பேருந்தில் என் மடியிலேயே அது கிழிந்து, பக்கத்தில் இருந்த பெண்ணின் லுங்கியெல்லாம் மாவானது, எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அதிலிருந்து எவர்சில்வர் தூக்குக் கொண்டுபோகிறேன். நீங்களும் கொண்டுபோங்கள். தூக்கோடு வருகிறவர்களுக்கு மாமா ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார்.

இந்தக் கடையைப் பெரிதாக்கச் சொல்லி அவரிடம் பேசியவர்களில் நானும் ஒருவன். இன்னொரு கிரைண்டர் வாங்கலாம், தாமுவேயில் ஒரு கிளை போடலாம், மாவைப் பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு காகிதத்தில் கணக்கெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நாளொன்றுக்கு மூன்று வீசை உளுந்து, பன்னிரண்டு வீசை அரிசி, அதற்குமேல் ஒரு பிடியும் அரைப்பதில்லை என்றார். அந்த மூன்று வீசையைத் தாமே பார்த்துப் பொறுக்கி, அத்தையும் உதவிக்கு வரும் பெண்ணும் தோல் களைந்து முடிக்க முடிகிறது. நான்காவது வீசையை வேறொருவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. பிற்பாடு யோசித்தபோது, முப்பது வயதில் இதே கடையைத் தொடங்கியிருந்தால் அவர் நான்காவது வீசைக்கும், பிறகு நாற்பதாவது வீசைக்கும் போயிருப்பார் என்றும், அப்போது எனக்குக் கிடைப்பது வேறோர் இட்லியாக இருந்திருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். 66 வயதில் அவருக்குத் தம் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது தெரிகிறது. ஏழு ஆண்டுகளில், நோய்த்தொற்றுக் காலத்து அடைப்பு நீங்கலாக, கடை நின்றதில்லை. சீட்டுப் பணம் அடைந்துவிட்டது, மகன் அனுப்பும் பணத்தைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள், உதவிக்கு வரும் பெண்ணின் தம்பிக்குப் பள்ளிச் செலவும் இந்தக் கடையிலிருந்துதான் போகிறது. இதற்குமேல் வெற்றி என்று எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடை ஒன்பதரைக்கு மூடிவிடும். மாவு தீர்ந்தால் அதற்கு முன்பே. அமாவாசையன்றும், தின்ஜான் தண்ணீர்த் திருவிழா நாட்களிலும் விடுமுறை. உளுந்து வடை எல்லா மாதமும் கிடைக்காது. புது உளுந்து வந்த பிறகு இரண்டு மூன்று மாதம் மட்டும் போடுகிறார், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். பழைய உளுந்தில் வடை சுட்டால் எண்ணெய் குடிக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். நேற்று நான் போனபோது, மூன்று வியாபாரிகள் கொடுத்தனுப்பிய மாதிரிகள் மூன்று எவர்சில்வர் மூடிகளில் அவர் முன்னால் இருந்தன. முதல் மூடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், ஒரு பருப்பை முன்பல்லில் வைத்து உடைத்தார். "போன வருஷத்துச் சரக்கைப் புதுசோட கலந்திருக்கான்" என்று மூடியை அப்பால் தள்ளினார். இரண்டாவதும் தள்ளப்பட்டது. மூன்றாவதை முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். பச்சை மண் வாசனை அடித்தது. வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வடை உண்டு, ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.